சிங்கியைக் காணவில்லை

குற்றாலத்தில் ஆள் காணாமல் போவது நேற்று ஆரம்பித்த வழக்கமில்லை. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊரில் ஒரு பெண்ணைக் காணவில்லை. பெயர் சிங்கி. தொழில், குறி சொல்வது. கடைசியாகப் போன இடம், வசந்தவல்லியின் வீடு. கணவன் சிங்கன், பறவை பிடிக்கிறவன். தோழன் நூவனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைந்து, கடைசியில் குற்றாலத்துத் தெருவிலேயே அவளைக் கண்டுபிடித்துவிட்டான். இந்தக் கதையைக் குறவஞ்சியாகப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர், குறவஞ்சிமேடு என்ற நிலத்தையே மானியமாகக் கொடுத்தார். தொலைந்தவளைத் தேடிய கதைக்கு அரசாங்கம் நிலம் கொடுத்த காலம் அது. இன்றைக்குத் தேடச் சொல்லி மனு கொடுத்தால், ரசீது கொடுக்கவே அரசாங்கத்துக்குக் கை வருவதில்லை.

சிங்கன் தப்பித்தான். ஏனென்றால் அவன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. போயிருந்தால்?

ஆடி மாதம், சாரல், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். ஐந்தருவிப் பாதையில் எண்ணெய்த் தலைகளுக்கு நடுவே சிங்கி மறைந்துவிட்டாள். மறுநாள் விடிந்ததும் சிங்கன் படியேறுகிறான். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். ஸ்டேஷன் கற்பனைதான். கேள்விகளைக் கற்பனை செய்யத்தான் எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

“அய்யா, எம் பொஞ்சாதியக் காணோம்.”

ரைட்டர் தலை நிமிரவில்லை. “எப்ப இருந்து?”

“நேத்து சாயந்தரத்துல இருந்து.”

“இருவத்தி நாலு மணி நேரம் ஆவட்டும். பொறவு வா.”

“பயமா இருக்குய்யா.”

“வீட்ல சண்டையா?”

“இல்லீங்கய்யா.”

“குடிச்சிட்டு அடிச்சியா?”

“இல்லய்யா.”

“அப்ப அவளுக்கு வேற எவன் கூடயும் பழக்கம் உண்டா? செல்லுல குசுகுசுன்னு பேசுவாளா?”

“அவகிட்ட செல்லே கெடையாதுய்யா.”

“செல்லு இல்லாம எப்படிய்யா டவர் பாக்கது? சரி, கடைசியா எங்க பாத்த?”

“தென்காசி பஸ்ல ஏறுன மாதிரி இருந்துச்சுன்னு நூவன் சொல்லுதான்.”

ரைட்டரின் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வருகிறது. “அப்ப அது நம்ம லிமிட் கெடையாது. தென்காசி போ.”

தென்காசியில், “ஆள் காணாம போனது குற்றாலத்துலதான? அங்க போய்க் குடு” என்கிறார்கள். அதற்குள் யாரோ ஒருவர், செங்கோட்டை ரயிலடியில் அந்த மாதிரி ஒரு பெண்ணைப் பார்த்ததாகச் சொல்ல, விவகாரம் ரயில்வே போலீஸுக்குப் போகிறது. அங்கே ஒருவர் மேற்கே மலையைக் காட்டி, “கேரளா போயிருப்பா” என்கிறார். செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து, பிறகு எல்லை மாறித் தமிழ்நாட்டுக்கு வந்த ஊர். இரண்டு மாநிலங்களுக்கு நடுவே இருந்த கோட்டை அழித்து எழுத முடிந்திருக்கிறது. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே இருக்கும் கோட்டை அழிக்கத்தான் இன்னும் ஆள் பிறக்கவில்லை.

இப்போது சட்டப் புத்தகத்தைத் திறப்போம். காவலர் தேர்வுக்கு அவர்களும் படித்த புத்தகம்தான்.

இருபத்து நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. இந்திய தண்டனைச் சட்டத்தில் இல்லை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இல்லை, 2024 ஜூலை 1 முதல் அவற்றின் இடத்துக்கு வந்த புதிய சட்டங்களிலும் இல்லை. அது சினிமாவில் பிறந்து ஸ்டேஷனில் வளர்ந்த விதி. ஆள் தொலைந்த முதல் சில மணி நேரம்தான் தேடுவதற்குத் தோதான நேரம். பஸ் ஸ்டாண்டு கேமராவில் முகம் இருக்கும், டீக்கடைக்காரர் நினைவில் சேலை நிறம் இருக்கும், செல்லில் சார்ஜ் இருக்கும். அந்த மணி நேரங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் வீணாக்கிவிட்டு வந்தால்தான் புகாரை எடுப்போம் என்பதற்கு ‘நடைமுறை’ என்று பெயர்.

‘லிமிட்’ கதையும் செத்துப் பல நாளாகிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவல் வந்த ஸ்டேஷன் அதைப் பதிய வேண்டும் என்கிறது. பதிந்துவிட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. இதற்கு ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று பெயர். நம் ஊரில் எஃப்.ஐ.ஆரை விட்டுவிட்டு ஜீரோவை மட்டும் அமல்படுத்தியிருக்கிறார்கள்.

பதிவது கட்டாயமா, அதிகாரியின் மனசைப் பொறுத்ததா என்ற சந்தேகத்தையும் உச்ச நீதிமன்றம் 2013 நவம்பர் 12 அன்று தீர்த்துவிட்டது. ஐந்து நீதிபதிகள் அமர்ந்து, பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்றார்கள். அது லலிதா குமாரி வழக்கு. வக்கீல்கள் அந்தப் பெயரை எண் மாதிரி உச்சரிக்கிறார்கள். லலிதா குமாரி என்பது ஒரு சிறுமி. உத்தரப் பிரதேசத்தில் 2008இல் காணாமல் போனவள். அப்பா ஸ்டேஷனுக்குப் போனார், பதியவில்லை. மேலதிகாரியைப் பார்த்த பிறகு பதிந்தார்கள், தேடவில்லை. அவர் டெல்லி வரை போனார். நாடு முழுக்க எஃப்.ஐ.ஆர். போட வைக்கும் சட்டமே, மகளைத் தேடி ஸ்டேஷன் வாசலில் நின்ற ஒரு தகப்பனால் வந்தது. அந்தத் தீர்ப்பைப் படித்துத் தேர்வெழுதி வேலைக்கு வந்தவர்கள்தான் அடுத்த தகப்பனிடம் “நாளைக்கு வா” என்கிறார்கள்.

வயது வந்தவர் வீட்டை விட்டுப் போனது மட்டும் குற்றமாகாது, உண்மை. அதனால்தான் தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் ‘பெண் காணவில்லை’, ‘ஆண் காணவில்லை’ என்று தலைப்புப் போட்டே எஃப்.ஐ.ஆர். பதியும் வழக்கம் இருக்கிறது. அந்த வழக்கத்தைத் தாண்டிப் போக ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது: சி.எஸ்.ஆர். ஒரு சின்ன ரசீது. மனு வந்து சேர்ந்தது என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது, யாரையும் தேடாது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, புகார் பதிவாகிவிட்டது என்ற நம்பிக்கையில் ஜனங்கள் வீட்டுக்குப் போகிறார்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும், 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம். நடப்பதோ வேறு. ஏட்டையாவிடம் “ஏதாவது தெரிஞ்சுதாய்யா?” என்று இவர்கள் கேட்க, “ஒனக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லு” என்று அவர் கேட்கிறார். தேடும் வேலை இப்படித்தான் கை மாறுகிறது. போட்டோ அச்சடிப்பது, சுவரில் ஒட்டுவது, லாட்ஜ் லாட்ஜாக விசாரிப்பது, கேமரா வைத்திருக்கும் கடைக்காரரைக் கும்பிடுவது எல்லாம் குடும்பத்தின் வேலை. கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தால் வழக்கை முடித்துக் கையெழுத்துப் போடுவது போலீஸின் வேலை.

போலீஸுக்குத் தேடத் தெரியாது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2014 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில், அமைச்சர் ஆசம் கானின் பண்ணையிலிருந்து ஏழு எருமைகள் காணாமல் போயின. மோப்ப நாய்கள் வந்தன, படை இறங்கியது, சில நாளிலேயே எருமைகள் பத்திரமாகத் திரும்பின. கடமை தவறியதாக மூன்று போலீஸ்காரர்கள் ஸ்டேஷன் வேலையிலிருந்து தூக்கப்பட்டார்கள். எருமைகளிடம் யாரும் இருபத்து நான்கு மணி நேரம் பொறுக்கச் சொல்லவில்லை. வீட்டில் சண்டையா, வேறு பண்ணையில் பழக்கமா என்று விசாரிக்கவுமில்லை. ஆக, தேடும் திறமை இந்தியாவில் குறைவில்லாமல் இருக்கிறது. காணாமல் போகிறவர் அமைச்சர் வீட்டுத் தொழுவத்தில் பிறக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் ‘பழக்கம் உண்டா’ என்ற கேள்விக்கு வருகிறேன். காணாமல் போனது பெண் என்றால் அவளுடைய ஒழுக்கத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள், அவளைப் பிறகு. காதல் என்று தெரிந்துவிட்டால் ஸ்டேஷனில் இரண்டு வேகம் உண்டு. வயது வந்த மகள் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள் என்று வசதியுள்ள வீட்டார் வந்தால் ஜீப் கிளம்பும். அதே மகளைப் பெற்ற வீட்டார் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அவளுடைய கணவன் வந்தால், அது ‘குடும்பப் பிரச்சினை’.

2023 ஜனவரியில் இதே குற்றாலத்துப் பக்கம் நடந்தது ஊருக்கே தெரியும். காதல் மணம் செய்த ஓர் இளம்பெண்ணை அவளுடைய வீட்டாரே இழுத்துக்கொண்டு போவதாகக் கேமராக் காட்சி வந்தது. தமிழ்நாடு முழுவதும் செல்போனில் அதைப் பார்த்தது. கணவன் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட்டார். பிறகு அந்தப் பெண் என்ன சொன்னார், யாரோடு போனார் என்பதெல்லாம் அவருடைய வாழ்க்கை. அதில் தீர்ப்புச் சொல்ல எனக்கும் உங்களுக்கும் வேலையில்லை. என் கேள்வி ஒன்றுதான். சாதி மதம் மீறி மணம் செய்தவர்களைக் காப்பாற்ற மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும், பாதுகாப்பு இல்லங்கள் வேண்டும் என்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. அதற்கு ஏறக்குறைய ஐந்து வருஷம் கழித்தும், ஒரு கணவன் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் போய் மதுரையில் மனு போட்டால்தான் ஊர்ப் போலீஸுக்கு வேகம் வருமா? சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கும் ஆளைத் தேடி மீட்கப் பக்கத்து மாஜிஸ்திரேட்டே வாரண்டு போடலாம். பழைய சட்டத்தில் 97ஆம் பிரிவு, புதியதில் 100. மலையடிவாரத்திலேயே கிடைக்கும் பரிகாரம். யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆட்கொணர்வு மனுவுக்கு ஒரு மகிமை உண்டு. மாதக்கணக்கில் கிடைக்காத ஆள், “அடுத்த வாய்தாவில் கொண்டுவந்து நிறுத்துங்கள்” என்று நீதிபதி சொன்னதும் வாய்தாவுக்கு முந்தின நாள் எப்படியோ கிடைத்துவிடுவார். அதற்காக எல்லாரும் மதுரைக்குப் பஸ் ஏறிவிட முடியாது. யாரோ சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகத்துக்காவது ஆதாரம் இருந்தால்தான் அந்த மனு நிற்கும். வெறுமனே காணவில்லை என்றால் நிற்காது. அடைத்து வைத்திருப்பதே அரசாங்கம் என்றால் என்ன ஆகும் என்பதையும் மலைக்கு அந்தப் பக்கம் பார்த்திருக்கிறோம். 1976 மார்ச் 1 அன்று கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் கதவைச் சாத்தியது; ஐந்து பேரில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்து எழுதினார். இந்திப் பேராசிரியரான அப்பா ஈச்சர வாரியர் ஓராண்டு அலைந்து, நெருக்கடி நிலை முடிந்ததும் 1977இல் கேரள உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார். முதலமைச்சர் கருணாகரனின் பதவி போனது. மகனின் உடல்கூடக் கிடைக்கவில்லை. 2006இல் ஈச்சர வாரியர் இறந்தார். அவர் தேடியது முடியவே இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் தெளிவு. காணாமல் போனது பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால், கடத்தல் என்றே கொண்டு எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நான்கு மாதத்தில் கிடைக்கவில்லை என்றால் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும். புத்தி பேதலித்துத் திரிகிறவர்களுக்கும் சட்டம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு, அப்படி வீடில்லாமல் அலைகிறவரைக் கண்டால் காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டியது ஸ்டேஷன் அதிகாரியின் கடமை என்கிறது. கடமை அழகாகத்தான் அச்சாகியிருக்கிறது. கோயில் வாசலிலும் ரயிலடியிலும் அழுக்குத் துணியோடு நம் காலடியில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்காக அப்படி ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள் என்று ஸ்டேஷனில் கேட்டுப் பாருங்கள். சீசன் சமயத்தில் ‘ஊர் சுத்தமாக இருக்க வேண்டும்’ என்று அவர்களை அப்புறப்படுத்தத்தான் ஆள் வரும்.

ஒரு ஸ்டேஷனில் ‘ஆண் காணவில்லை’ என்று ஒரு ஃபைல். இன்னொரு மாவட்டத்து ஸ்டேஷனில் ‘அடையாளம் தெரியாத ஆண் பிணம்’ என்று ஒரு ஃபைல். நாட்டின் எல்லா ஸ்டேஷன்களையும் கம்ப்யூட்டரால் இணைத்தாயிற்று என்கிறார்கள். அந்த இரண்டு ஃபைலும் சந்திக்காமலே பிணம் புதைக்கப்பட்டுவிடும். வீட்டில் இன்னும் ராத்திரி சோறு எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். அங்கே கொடுத்த மனு எஸ்.பி. ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து டி.எஸ்.பி.க்கு இறங்கி, கடைசியில் எந்த ரைட்டர் “நாளைக்கு வா” என்றாரோ அவர் மேஜைக்கே விசாரணைக்கு வந்து சேரும். 2017 அக்டோபர் 23 அன்று, இன்றைய தென்காசி மாவட்டத்துக் காசிதர்மத்திலிருந்து கந்துவட்டிக் கொடுமைக்குப் பலமுறை மனு கொடுத்துக் களைத்த ஒரு குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் எரிந்தது. அதிலிருந்து நிர்வாகம் ஒரு பாடம் கற்றது: வாசலில் நிறுத்தி, மனு கொடுக்க வருகிறவர்களின் பையில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது. மனு என்ன ஆயிற்று என்று பார்க்க யாரையும் நிறுத்தவில்லை.

தேடாமலே காலம் போகட்டும் என்று விட்டுவிட்டால், ஏழாவது வருஷ முடிவில் சட்டம் திடீரென்று கருணை காட்டும். உயிரோடு இருந்தால் யாருக்குத் தகவல் வந்திருக்குமோ அவர்களுக்கு ஏழு வருஷம் தகவல் இல்லை என்றால், அவரை இறந்தவராகக் கொள்ளலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் 108, புதியதில் 111. அதுவும் தானாக நடக்காது. கோர்ட்டுக்குப் போய் வாங்க வேண்டும். கோர்ட்டில் காட்ட, ‘தேடியும் கிடைக்கவில்லை’ என்று போலீஸ் எழுதித் தர வேண்டும். தேடாத துறையிடம் தேடியதாகச் சான்றிதழ் கேட்டு இன்னொரு அலைச்சல். இடைப்பட்ட ஏழு வருஷம் அந்த மனைவி யார்? சுமங்கலியா, விதவையா? கணவனின் பேங்க் கணக்கைத் தொட முடியாது, நிலத்தை மாற்ற முடியாது, விதவை உதவித்தொகை கேட்டால் இறப்புச் சான்றிதழ் எங்கே என்பார்கள். மத்திய அரசு ஊழியர் காணாமல் போனால் மட்டும், எஃப்.ஐ.ஆர். போட்டு ஆறு மாதத்தில் குடும்ப ஓய்வூதியம் கேட்கலாம். தன் ஆளுக்கு ஆறு மாதம். கடையத்தில் பீடி சுற்றுகிறவளின் புருஷனுக்கு ஏழு வருஷம். பசி இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில்தான் வருகிறது.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. காணாமல் போனவர் பேரில் எல்.ஐ.சி. பாலிசி இருந்தால், இறந்தவராகக் கொள்ளும் வரை பிரீமியத்தை விடாமல் கட்டிவர வேண்டும். விட்டால் பாலிசி போயிற்று என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எந்தத் தேதியில் செத்தார் என்பதற்குச் சட்டம் அனுமானம் செய்யாதாம். சம்பாதிக்கிற ஆள் தொலைந்த வீடு, அந்த ஆள் செத்தால் வரப்போகும் பணத்துக்காக வருஷா வருஷம் தவணை கட்ட வேண்டும். எமனுக்கே இவ்வளவு கெடுபிடி கிடையாது.

என்னதான் செய்வது? அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போங்கள், எந்த ஸ்டேஷன் பக்கமோ அங்கே. வாயால் சொல்லாமல் எழுதிக் கொண்டுபோங்கள். கடத்தல், அடைத்துவைத்தல், ஆள் விற்பனை என்று எந்தச் சந்தேகம் இருந்தாலும் மனுவிலேயே வெளிப்படையாக எழுதுங்கள். ‘காணவில்லை’ என்று மட்டும் எழுதினால் அதோடு முடித்துவிடுவார்கள். குழந்தை என்றால் 1098ஐயும் கூப்பிடுங்கள். பதியவில்லை என்றால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. அந்தப் படிகளும் 173ஆம் பிரிவிலேயே இருக்கின்றன. யாராவது “அதெல்லாம் முடியாது” என்றால் சண்டை வேண்டாம். அந்த ‘முடியாது’வை எழுதி, கீழே பெயரும் தேதியும் முத்திரையும் வைத்துத் தரச் சொல்லுங்கள். நாக்கில் சுலபமாக வருவது பேனாவில் வராது. பாலியல் குற்றம், ஆள் கடத்தி விற்பது போன்றவற்றில் வந்த தகவலைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவல், இரண்டு வருஷம் வரை போகலாம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு சொல்கிறது. குடும்பத்துக்கு ஏழு வருஷம், பதியாத அதிகாரிக்கு ஆறு மாதம்: இரண்டும் ஒரே அரசாங்கம் எழுதிய சட்டம்தான். முதல் பாடத்தை மட்டும் நமக்குத் தவறாமல் நடத்துகிறார்கள். இரண்டாவதை நாம் அவர்களுக்கு நடத்தியே ஆக வேண்டும்.